காப்பியின் கனமும் காஃபீனின் அளவும்

காப்பிப்பொடி வாங்குவதில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் காட்டும் அக்கறை சாதாரணமானதல்ல. பிளான்டேஷன் எத்தனை பங்கு, பீபெரி எத்தனை பங்கு, சிக்கரி நூற்றுக்கு எவ்வளவு, அரைவை நைஸா கொரகொரப்பா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாமியார் வீட்டுக் கணக்கு மருமகளுக்கு ஒத்துவராமல் இரண்டு டப்பாக்களில் இரண்டு பொடி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஓட்டலில் உட்கார்ந்தாலும் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்று சொல்லாமல் யாரும் காப்பி வாங்குவதில்லை.

இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: இந்தத் தம்ளரில் காஃபீன் எவ்வளவு? நாக்குக்குக் கனமாக இருப்பது உடலுக்கும் கனமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். கறுத்து, கசந்து, கெட்டியாக இருந்தால் தூக்கத்தைக் கெடுக்கும். பாலும் நுரையுமாக இருந்தால் சாது என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. காப்பியின் சுவைக்கனம் ஒரு வழியில் வருகிறது, காஃபீனின் அளவு இன்னொரு வழியில் வருகிறது. இரண்டையும் பிரித்தறிந்தால்தான் அவரவர் ரசனைக்கும் அவரவர் உடலுக்கும் ஒருசேர நியாயம் செய்ய முடியும். கொட்டை, வடிப்பு, கஃபேயின் விலைப்பட்டியல், உடல், சமூகம் என்று ஒவ்வொரு நிலையிலும் இக்கேள்வியைப் பார்ப்போம்.

கொட்டையும் கலவையும்

யேமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் சூஃபி ஞானி பாபா புதான் நட்டார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சுட்டும் மரபுச் செய்தி. தோட்டப் பயிராகக் காப்பி பெருகியது 19ஆம் நூற்றாண்டில். குடகு, வயநாடு, நீலகிரி, ஏற்காடு என்று மேற்கு, கிழக்கு மலைகளில் அது பரவியது. அதே காலத்தில் இலங்கையின் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏழை மக்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள். 1869இல் அங்கே தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. மலையகத் தமிழரின் வரலாறு தேயிலைக்கு முன்பே காப்பியில் தொடங்குகிறது.

இன்று இந்தியக் காப்பியில் பெரும்பகுதி கர்நாடகத்திலும் அடுத்தபடியாகக் கேரளத்திலும் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு சிறியது. நீலகிரி, ஏற்காடு, வால்பாறை, தாண்டிக்குடியைச் சுற்றிய கீழ்ப்பழனி மலை ஆகியவை இங்கே காப்பி விளையும் இடங்கள்.

விளைவது இரண்டு இனம்: அராபிகா, ரோபஸ்டா. உயரமான, குளிர்ந்த நிலத்தில் நிழலில் வளரும் அராபிகாவுக்கு மணமும் இதமான புளிப்பும் அதிகம். தாழ்ந்த நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் ரோபஸ்டாவுக்குக் கசப்பும் திடமும் அதிகம். நோய் எதிர்ப்பும் கூடுதல். காஃபீனைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிது. அராபிகாக் கொட்டையின் எடையில் சுமார் 1.2 விழுக்காடு காஃபீன். ரோபஸ்டாவில் சுமார் 2.2 விழுக்காடு. இந்தியாவில் விளைவதில் ரோபஸ்டாவே பெரும்பங்கு.

பீபெரியைத் தனி இனமாகப் பலர் கருதுகிறார்கள். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டு வளரும். அந்த உருண்டைக் கொட்டைதான் பீபெரி. அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. ஆகவே பீபெரி என்று மட்டும் கேட்டு வாங்கினால் காஃபீன் கூடவா குறையவா என்று தெரியாது. எந்த இனத்துப் பீபெரி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது சிக்கரி. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் வேரை வெட்டி, உலர்த்தி, வறுத்து அரைப்பது அது. அதில் காஃபீன் துளியும் இல்லை. ஆனால் டிகாக்‌ஷனுக்குக் கறுப்பு நிறத்தையும் கெட்டித் தன்மையையும் வெல்லம் காய்ந்தது போன்ற கசப்பினிப்பையும் தருவது அதுதான். பால் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் நிற்பதற்குக் காரணமும் அதுவே. காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், இரண்டின் விகிதத்தையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். ஆளுக்கு 8 கிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம். முழுக்க அராபிகாவானால் அந்தப் பொடியில் சுமார் 96 மில்லிகிராம் காஃபீன். அராபிகா 60, சிக்கரி 40 என்ற கலவையானால் சுமார் 58. முழுக்க ரோபஸ்டாவானால் சுமார் 176. பொடியிலுள்ள காஃபீன் முழுதும் டிகாக்‌ஷனில் இறங்கிவிடாது என்றாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. நாற்பது பங்கு சிக்கரி போட்ட கறுத்த, கெட்டியான காப்பியைக் குடிப்பவர், சிக்கரியே போடாத வெளிர்நிறக் காப்பியைக் குடிப்பவரைவிடக் குறைவான காஃபீனையே உள்ளே இறக்குகிறார். ஒரே அளவுப் பொடி, ஒரே ஃபில்டர், ஒரே தம்ளர். கலவை மாறினால் காஃபீன் மூன்று மடங்குவரை வேறுபடும்.

வறுவலும் வடிப்பும்

கறுக வறுத்தால் காப்பி வீரியமாகும் என்பதும் பரவலான எண்ணம். வறுவலில் காஃபீன் அதிகம் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. மாறுவது சுவை. கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் சூட்டில் சிதைந்து புதுக் கசப்புப் பொருள்களாகின்றன. மிதமான வறுவலில் ஒருவகைக் கசப்பு, கறுத்த வறுவலில் இன்னும் கடுமையான வேறொரு கசப்பு. காஃபீனும் கசப்பானதுதான், ஆனால் ஒரு கோப்பையின் மொத்தக் கசப்பில் அதன் பங்கு சிறிது. கசப்பை வைத்துக் காஃபீனை அளக்க முடியாததற்கு இதுவே காரணம்.

வடிப்பில் நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மேல் பாத்திரத்தில் பொடியைப் பரப்பி, குடையால் மெல்ல அழுத்தி, கொதித்த நீரை ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. சிக்கரி நீரைப் பிடித்துவைத்து இறக்கத்தைத் தாமதப்படுத்துவதால் டிகாக்‌ஷன் இன்னும் கெட்டியாகிறது. காஃபீன் வெந்நீரில் எளிதில் கரைவது. முதல் டிகாக்‌ஷனிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டாம் டிகாக்‌ஷனில் நிறமும் கசப்பும் இருக்கும் அளவுக்குக் காஃபீன் இருக்காது. மாலையில் இரண்டாம் டிகாக்‌ஷனில் லேசாகக் காப்பி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள், காரணம் அறியாமலே தங்கள் இரவுத் தூக்கத்துக்கு நல்லது செய்கிறார்கள்.

பால் செய்வது வேறு வேலை. பாலின் புரதம் கசப்பையும் துவர்ப்பையும் தரும் பொருள்களைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு இதமாக்குகிறது. கும்பகோணம் டிகிரி காப்பியின் புகழில் பாதி, தண்ணீர் கலக்காத பாலின் புகழ். ஆனால் பால் காஃபீனைக் குறைப்பதில்லை. அரைத் தம்ளர் டிகாக்‌ஷனை ஒரு தம்ளர் பாலில் ஊற்றினாலும், அதே அரைத் தம்ளரைக் கறுப்பாகக் குடித்தாலும் உடலுக்குப் போய்ச் சேரும் காஃபீன் ஒன்றுதான்.

கஃபேயின் விலைப்பட்டியல்

1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காஃபி டேயின் முதல் கடை திறந்தது. 2012இல் டாடாவுடன் சேர்ந்து ஸ்டார்பக்ஸ் மும்பைக்கு வந்தது. இன்று சென்னை, கோவை, மதுரைப் பிள்ளைகளுக்குக் கப்புச்சினோவும் லாத்தேயும் கோல்டு புரூவும் பழகிய பெயர்கள். பட்டியல் நீளமாக இருந்தாலும் அதன் அடிப்படை எளிது. எஸ்பிரெஸோ என்பது மிக நைஸாக அரைத்த பொடியின் வழியே அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்தில் எடுக்கும் 30 மில்லி டிகாக்‌ஷன். அதில் வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ; பாலும் அடர்ந்த நுரையும் சேர்த்தால் கப்புச்சினோ; பாலைக் கூட்டி நுரையைக் குறைத்தால் லாத்தே; சாக்லேட் சேர்த்தால் மோக்கா. பெயர் எதுவானாலும் காஃபீன், எத்தனை எஸ்பிரெஸோ ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம்.

எஸ்பிரெஸோவைக் கண்டு அஞ்சுபவர்கள் உண்டு. கறுத்து, கெட்டியாக, ஒரே வாயில் கசந்து முடிவதால் அது மிக வீரியமானது என்று தோன்றுகிறது. மில்லிக்கு மில்லி பார்த்தால் உண்மைதான். ஆனால் யாரும் அதை ஒரு பெரிய கோப்பை குடிப்பதில்லை. பால் கலக்காமல் வடித்துத் தரும் சாதாரணக் காப்பியில் 150 மில்லிக்கு 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி. அதே காப்பியை 350 மில்லிக் கோப்பையில் வாங்கினால் கணக்கு 190 முதல் 280 மில்லிகிராம்வரை போகும். தண்ணீர்போல் இருக்கிறதே என்று குடித்துவிடும் அந்தக் கோப்பை மூன்று, நான்கு எஸ்பிரெஸோவுக்குச் சமம்.

கோல்டு புரூ இன்னும் ஏமாற்றும். குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பதால் புளிப்பும் கசப்பும் குறைந்து வழவழவென்று இறங்குகிறது. நேரமும் பொடியும் கூடுதலாகச் செலவாவதால் காஃபீன் குறைவதில்லை. ஐஸ் மிதக்கும் பெரிய கோப்பையை வெயிலுக்கு இதமாக உறிஞ்சி முடிப்பவர் எவ்வளவு உள்ளே போயிற்று என்று உணர்வதே இல்லை. மாறாக, ஐஸ்கிரீமும் சர்க்கரைப் பாகும் சேர்த்து அடித்துத் தரும் கோல்டு காஃபியில் காஃபீன் சாதாரண அளவுதான். அங்கே கவனிக்க வேண்டியது சர்க்கரை.

உடலுக்குள் நடப்பது

1819இல் ஜெர்மானிய வேதியியலர் ரூங்கே, கவிஞர் கோதே தந்த காப்பிக் கொட்டைகளை ஆராய்ந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். அது வேலை செய்யும் விதம் வெகுகாலம் கழித்தே தெளிவானது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதற்குரிய ஏற்பிகளில் அது பொருந்தும்போது அயர்வும் தூக்கமும் வரும். காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. புதிய சக்தி எதையும் அது தருவதில்லை. அயர்வின் செய்தியைத் தடுத்துவைக்கிறது. சேர்ந்த அடினோசின் அங்கேயே காத்திருப்பதால், காஃபீன் விலகியதும் அயர்வு மொத்தமாக வந்து சேரும்.

குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் காஃபீன் ஏறக்குறைய முழுதும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அது பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியின் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும் என்று பொருள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அது பெரிய அளவுதான். ஆனால் மாலையில் இரண்டு பெரிய கோப்பை குடிப்பவர் அதை எட்டிவிட முடியும்.

பழகியவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சோர்வும் எரிச்சலும் சேரும். விரத நாளில் வரும் தலைவலியைப் பசிக்கும் பித்தத்துக்கும் பலர் கணக்கெழுதுகிறார்கள். காப்பி நின்றதே காரணமாக இருப்பதும் உண்டு. சில நாளில் தானே தீரும். படிப்படியாகக் குறைத்தால் அந்தத் துன்பமும் இல்லை.

ஆளுக்கு ஆள் வேறுபாடு

இரவு பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு. மதியம் குடித்தாலே படபடப்பவரும் உண்டு. இது மனப்பழக்கம் மட்டுமல்ல. காஃபீனைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியின் வேகம் மரபணுவால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் பாதியாவது இன்னொருவருக்கு எட்டு மணி நேரம் எடுக்கலாம். புகைபிடிப்பவர்களுக்குக் காஃபீன் வேகமாகக் கழியும்; கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மெதுவாகக் கழியும்; கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மிக மெதுவாகக் கழியும். அடினோசின் ஏற்பியின் மரபணு வேறுபாட்டால் சிலருக்குக் குறைந்த அளவே பதற்றத்தைத் தருகிறது.

நாக்கின் பிடித்தத்திலும் மரபணுவுக்குப் பங்குண்டு. பிரித்தானியாவின் பெரிய மக்கள் தரவை ஆராய்ந்து 2018இல் வந்த ஒரு முடிவு எதிர்பாராதது: காஃபீனின் கசப்பைக் கூர்ந்து உணரும் மரபணு கொண்டவர்கள் காப்பியை அதிகம் குடிக்கிறார்கள். கசப்பை அதிகம் உணர்பவர் விலக வேண்டும் என்றே எவரும் நினைப்பார்கள்; ஆனால் அந்தக் கசப்பைத் தொடர்ந்து வரும் தெளிவோடு சேர்த்து அவர்கள் விரும்பக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பால் கலக்காத காப்பியை விரும்புவோரிடம் காஃபீனை வேகமாகக் கழிக்கும் மரபணு அதிகம் காணப்படுவதாகவும் பின்னர் வந்த ஆய்வு கூறுகிறது. ஆகவே ஒருவர் குடிக்கும் காப்பியை இன்னொருவர் தரக்குறைவு என்று பேசுவதில் நியாயம் இல்லை. இருவரும் வேறு வேறு உடலோடு குடிக்கிறார்கள்.

ரசனையின் சமூக வரலாறு

உடல் ஒரு பகுதிதான், மறுபகுதி சமூகம். காப்பி தமிழர் வீட்டுக்குள் நுழைந்து நூற்றுச் சொச்ச ஆண்டுகளே ஆகின்றன. நீராகாரமும் பழையதும் இருந்த காலை நேரத்தை அது பிடித்துக்கொண்டதையும், நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின், சிறப்பாகப் பிராமணக் குடும்பங்களின், அடையாளமாக அது மாறியதையும் வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தேநீர் பின்னால் வந்து உழைக்கும் மக்களின் பானமாயிற்று. எது நல்ல காப்பி, எது மட்டம் என்ற பேச்சில் இந்த வர்க்கப் பிரிவினை இன்றும் மறைந்து நிற்கிறது.

காப்பி கிளப் எனப்பட்ட பழைய ஓட்டல்களில் சாதி வெளிப்படையாகவே நின்றது. பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன் பெரியார் தொடர் மறியல் நடத்தினார். கிராமத்துக் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளைக் கொடுமை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. எதைக் குடிப்பது என்று தேர்வதற்கு முன், எங்கே உட்காரலாம், எந்தக் குவளையில் குடிக்கலாம் என்ற உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டது. தனிப்பட்ட விருப்பம் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத செய்தி இது.

மாற்றுக் கதைகளும் உண்டு. காப்பி வாரியம் தன் காஃபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957இல் பெங்களூரில் தொடங்கிய அந்த முயற்சியில் பிறந்த இந்தியன் காஃபி ஹவுஸ்கள் எழுத்தாளர்களுக்கும் மாணவர்களுக்கும் மலிவான விலையில் நீண்ட நேரம் பேச இடம் தந்தன. இன்றைய கஃபேக்களின் விலை அதிகம் என்றாலும், ஓர் இளம்பெண் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கக்கூடிய இடமாக அவை இருப்பது மதிப்புக்குரியது. பழைய கிளப்புகள் அவளுக்கு அந்த இடத்தைத் தரவில்லை.

காஃபீனே இல்லாத 'காப்பி'களும் நம்மிடம் உண்டு. தென்மாவட்டங்களின் சுக்குக் காப்பியும் யாழ்ப்பாணத்தாரின் மல்லிக் கோப்பியும், காப்பித்தூள் சேர்க்காதவரை, அந்தியில் எவரும் அஞ்சாமல் குடிக்கக்கூடியவை. சூடும் மணமும் கூடிப் பேசும் இன்பமும் காஃபீனைச் சார்ந்தவை அல்ல என்பதற்கு அவை சான்று.

கவனம் வேண்டிய இடங்கள்

உடல்நலமுள்ள பெரியவர் ஒரு நாளில் 400 மில்லிகிராமுக்குள்ளும் ஒரே நேரத்தில் 200க்குள்ளும் நிறுத்திக்கொண்டால் அஞ்ச வேண்டியதில்லை என்பது 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கருத்து. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 300 மில்லிகிராம் என்று இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய வரம்பு நாளுக்கு 200. வீட்டில் இரண்டு வேளை காப்பியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். வீட்டுக் காப்பி, அலுவலக இயந்திரக் காப்பி, கடைத் தேநீர், மாலையில் கஃபே என்று சேர்ப்பவர்கள்தான் தாண்டுகிறார்கள்.

என் பார்வையில் இவற்றைவிட அவசரமானது வேறொன்று. காப்பியிலுள்ள பாலிஃபீனால்கள் தாவர உணவின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கின்றன. உணவோடு குடித்த காப்பி இரும்பு உட்கிரகிப்பை 39 விழுக்காடு குறைத்ததாக 1983இல் ஓர் ஆய்வு கண்டது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் பாதிப்பு நீடித்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். விழித்தவுடன் குடிக்கும் முதல் காப்பியால் இதில் கேடில்லை. இட்லி தின்ற கையோடு குடிக்கும் இரண்டாவது காப்பியும், கீரைச் சோற்றுக்குப் பின் குடிக்கும் காப்பியும்தான் சிக்கல். காப்பியைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். இந்தச் சிறு அறிவுரையை மகப்பேறு மையங்களும் பள்ளிகளும் இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்

எனர்ஜி டிரிங்க் டப்பாக்களில் காஃபீன் லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதிகக் காஃபீன் என்றும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்றும் அச்சிட வேண்டும் என்கிறது இந்திய விதி. 250 மில்லி டப்பாவில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். அதைவிட இரண்டு மூன்று மடங்கு காஃபீன் உள்ள கஃபே கோப்பையில் ஒரு வரியும் இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் விலைப்பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. கலோரிக்குப் பக்கத்தில் காஃபீனையும் காட்டச் சொல்வது கடினமான காரியமல்ல. சிக்கரி விகிதத்தை அச்சிடும் பொட்டலத்தில் அராபிகா எத்தனை, ரோபஸ்டா எத்தனை என்பதையும் அச்சிடலாம்.

குடிப்பவர் செய்யக்கூடியதும் உண்டு. திடமான சுவை வேண்டும், தூக்கமும் வேண்டும் என்பவர் அராபிகாவில் சிக்கரியைக் கூட்டிக்கொள்ளலாம். விழிப்பு வேண்டும் என்பவர் ரோபஸ்டாவைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். கஃபேயில் எஸ்பிரெஸோ "எத்தனை ஷாட்?" என்று கேட்கலாம், மாலையில் காஃபீன் நீக்கிய டிகாஃப் கேட்கலாம். பிடித்ததைக் குடிக்கும் சுதந்திரம், குடிப்பது என்ன என்று தெரிந்திருந்தால்தான் முழுமையாகும். பொடிக் கடையில் விகிதம் கேட்கத் தெரிந்த சமூகத்துக்குக் காஃபீன் அளவைக் கேட்பதும் கைகூடாத பழக்கமல்ல. கேட்கத் தொடங்கினால் கடைகளும் சொல்லத் தொடங்கும்.